வட்டுப்படியும் மூலபாடமும்: பழங்கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளைப் பதிப்பியல் நோக்கில் அணுகுதல்

ஆய்வுச் சுருக்கம்

1980களில் வீட்டுக் கணினிகளுக்காக எழுதப்பட்ட பாத்திரமேற்பு விளையாட்டுகள் இன்று எமுலேட்டர் என்னும் மென்பொருளின் துணையால் மீண்டும் இயங்குகின்றன. அவற்றின் பிழைகளை ஆர்வலர்கள் திருத்தியும் வருகின்றனர். இத்திருத்தப் பணி இயல்பில் பதிப்புப் பணியே என்றும், சுவடிப் பதிப்பில் தமிழ் கண்ட நெறிகள் இதற்குப் பொருந்தும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. ஆகவே தமிழ்த்துறைகள் இக்களத்தில் விலகி நிற்க நியாயமில்லை. திருச்சிராப்பள்ளியைக் களமாகக் கொண்டு ஒரு தொடக்க முயற்சியும் இங்கு முன்மொழியப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எமுலேட்டர், வட்டுப்படி, பாடபேதம், பதிப்பியல், பாத்திரமேற்பு விளையாட்டு, பதிப்புரிமை.

முன்னுரை

திருச்சிராப்பள்ளி தில்லை நகரின் ஏதேனும் ஒரு குறுக்குச் சாலையில், ஒரு வீட்டு மேசையில் இருக்கும் இன்றைய மடிக்கணினி 1982ஆம் ஆண்டின் கொமடோர் 64 கணினியாக மாறிவிட முடியும். எமுலேட்டர் அதற்குப் போதும். பழைய கணினியின் செயலி, நினைவகம், ஒலிச்சில்லு, வட்டு இயக்கி ஆகியவற்றின் நடத்தையை அது மென்பொருளாலேயே நிகழ்த்திக் காட்டும். பழைய நிரல் தான் பிறந்த இயந்திரத்திலேயே இருப்பதாகக் கொண்டு இயங்கத் தொடங்கும். கொமடோர் கணினிக்கு வைஸ், டாஸ் இயங்குதளத்துக்கு டாஸ்பாக்ஸ் என ஒவ்வோர் இயந்திரத்திற்கும் இன்று ஓர் எமுலேட்டர் உண்டு.

இவ்வாறு மீள்வனவற்றுள் பாத்திரமேற்பு விளையாட்டுகள் தனிக்கவனம் பெறத்தக்கவை. 1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த விசார்ட்ரி, ரிச்சர்ட் காரியட் படைத்த அல்டிமா வரிசை, 1988இல் வந்த பூல் ஆஃப் ரேடியன்ஸ் முதலியன கதை, உரையாடல், விதி, வரைபடம் ஆகியன பின்னிய நெடும்பனுவல்கள். ஆடுபவர் கதைமாந்தருள் ஒருவராகி, வாரக்கணக்கில் அவ்வுலகில் வாழ்ந்து அதனை வாசிக்கிறார். இவற்றைப் பழமை மோகத்தின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதும், பழுதின்றி ஓடினால் போதும் என்று திருத்திக்கொண்டே போவதும் ஒருசேரத் தவறான அணுகுமுறைகள். முன்னது பனுவலை இழக்கச் செய்கிறது. பின்னது பனுவலின் உண்மை வடிவை இழக்கச் செய்கிறது.

சட்டம் கூறும் இலக்கியம்

'விளையாட்டு எவ்வாறு இலக்கியத்துறையின் பொருளாகும்?' என்னும் வினா இங்கு எழும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 2(ஓ)வில், இலக்கியப் படைப்பு என்னும் வரையறைக்குள் கணினி நிரல்களையும் அடக்குகிறது. சட்டத்தின் வகைப்பாடு இலக்கியக் கொள்கை ஆகிவிடாது என்பது உண்மையே. எனினும் நிரலும் எழுத்தால் ஆனது, படியெடுக்கப்படுவது, படியெடுக்கும்போது சிதைவது, திருத்தப்படுவது. எழுத்தின் இந்நான்கு நிலைகளையும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் துறை தமிழ்த்துறை.

உள்ளடக்கத்தின் வழியாகவும் தமிழாய்வுக்குரிய வினாக்கள் இவ்விளையாட்டுகளில் எழுகின்றன. 1985இல் வெளிவந்த அல்டிமா 4 'அவதாரம்' என்னும் இந்தியச் சொல்லைத் தன் துணைத்தலைப்பில் தாங்கியது. அதில் வீழ்த்தப்பட வேண்டிய இறுதிப் பகைவன் எவனும் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, ஈகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுப் பண்புகளில் நிறைவு பெறுவதே ஆட்டத்தின் இலக்கு. அதில் வரும் மூலிகைக் கடைக்காரர் பார்வையற்றவர். வாங்குபவர் தாமே காசை எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் கடைக்காரர் அறியமாட்டார். ஆனால் நிரல் அறியும், ஆடுபவரின் பண்புக் கணக்கில் அது குறையும். வைணவ மரபில் அவதாரம் என்பது இறைவன் கீழிறங்கி வருதலைக் குறிக்கும். இவ்விளையாட்டில் அச்சொல் மனிதன் அறத்தால் மேலேறுதலைக் குறிக்கிறது. ஒரு சொல் பண்பாடு கடந்து சென்று பொருள் தலைகீழான இம்மாற்றத்தைப் பேசுவதற்குத் திருவரங்கத்தின் அருகிலுள்ள ஆய்வாளர்களைவிடத் தகுதியுடையார் அரியர்.

திருத்தம் என்னும் பதிப்புப் பணி

பழைய விளையாட்டைத் திருத்துவோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் சுவடிப் பதிப்பாசிரியர் எதிர்கொண்டவற்றோடு வியப்பூட்டும் அளவிற்கு ஒத்துள்ளன. இரண்டு சான்றுகள் போதும்.

முதலாவது, படியெடுப்போர் பிழை. அல்டிமா 2 விளையாட்டின் ஐ.பி.எம். கணினி வடிவம் ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகளில் வெளிவந்தது. வெவ்வேறு வட்டுகளில் இருந்த வரைபடக் கோப்புகள் சில ஒரே பெயரைத் தாங்கியிருந்தன. பிற்காலத் தொகுப்பு வெளியீட்டில் எல்லாம் ஒரே கோப்புறையில் சேர்க்கப்பட்டபோது, பிற கோள்களின் வரைபடங்கள் விடுபட்டன. பின்னர் ஆர்வலர்கள் பழைய வட்டுகளிலிருந்து அவற்றை மீட்டுச் சேர்த்தனர். ஏடெழுதுவோர் ஒரே சீரில் தொடங்கும் இரண்டு அடிகளுள் ஒன்றை எழுதி மற்றொன்றைத் தாண்டிச் செல்வதைச் சுவடியியல் நன்கறியும். இங்கு நேர்ந்ததும் அதுவே. விடுபாட்டை நிரப்ப வேறொரு படியை நாடியதும் பதிப்பாசிரியர் செய்யும் செயலே.

இரண்டாவது, பிரதிக்கும் காலத்திற்கும் இடையிலான முரண். டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட டாஸ் நிரல்கள் பல, தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளந்து, அதனை ஒரு வகுத்தல் கணக்கில் இடுகின்றன. ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்தைக் கடந்த செயலிகளில் அவ்வகுத்தலின் ஈவு ஒதுக்கப்பட்ட இடத்தில் அடங்காமல், '200ஆம் எண் இயக்கப்பிழை' என்னும் அறிவிப்போடு நிரல் நின்றுவிடும். இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, பேட்ச் எனப்படும் திருத்தக் கோப்பால் நிரலையே மாற்றுதல். மற்றொன்று, எமுலேட்டரின் வேகத்தைக் குறைத்து, நிரல் எதிர்பார்த்த பழைய உலகத்தை அமைத்துத் தருதல். முதல் வழி பிரதியைத் திருத்துகிறது. இரண்டாம் வழி பிரதியைத் தொடாமல் அது வாழும் சூழலை மட்டும் மாற்றுகிறது. இரண்டாம் வழி இயலும் இடத்தில் முதல் வழியை நாடலாகாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இந்நிலைப்பாட்டிற்கான அடிப்படை தமிழ்ப் பதிப்பு மரபிலேயே உள்ளது. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரான உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் கண்டதும், வேறுபட்ட பாடங்களைக் குறிப்பில் காட்டியதும் அவர் வகுத்த நெறிகள். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்கள் இன்றும் வெற்றிடமாகவே நிற்கின்றன. எண்வரிசையைச் சுருக்கி இழப்பை மறைக்கவோ, புதுப்பாடல் எழுதி இடத்தை நிரப்பவோ பதிப்பு மரபு இடம் தரவில்லை. இழப்பையும் பதிவு செய்வதே பதிப்பின் நேர்மை.

விளையாட்டுத் திருத்தத்தில் இந்நேர்மை எப்போதும் பேணப்படுவதில்லை. அல்டிமா 4இன் டாஸ் வடிவம் 16 நிறங்களோடும் இசை இல்லாமலும் வெளிவந்தது. பிற்கால ஆர்வலர்கள் அதற்கு 256 நிறப் படங்களையும் இசையையும் சேர்த்தனர். ஆடுவதற்கு அது இனியது, உழைப்பும் பாராட்டத்தக்கது. ஆனால் அவ்வடிவத்தை மட்டும் ஆடிய ஒருவர் 1980களின் டாஸ் பயனர் கண்டதையும் கேட்டதையும் அறிந்தவராகார். இத்தகைய மெருகூட்டலை உரையாசிரியர் பணியோடு ஒப்பிடலாம். உரை மூலத்தின் அருகில் நிற்கலாம். மூலத்தின் இடத்தில் நிற்கலாகாது. 2024இல் வெளிவந்த விசார்ட்ரி மறுவாக்கம் இதற்கு நல்ல முன்மாதிரி. புதிய முப்பரிமாணக் காட்சிகளுக்கு அடியில் 1981ஆம் ஆண்டின் ஆப்பிள் 2 நிரலே இயங்குகிறது. விரும்புவோர் அம்மூலத் திரையைப் பக்கத்திலேயே காணலாம். மூலமும் உரையும் ஒரே பக்கத்தில் அமைந்த பதிப்பைப் போன்றது அது.

நிகழ்த்துதலால் வாழும் பனுவல்

கோப்பைக் காப்பதனால் மட்டும் விளையாட்டைக் காத்துவிட்டதாகாது. இதனை விளங்கிக்கொள்ளத் திருவரங்கத்து அரையர் சேவை துணைபுரியும். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் ஏட்டிலும் அச்சிலும் கிடைக்கிறது. எனினும் மார்கழியின் பகல் பத்து, இராப் பத்து விழாக்களில் அரையர் பாசுரத்தை இசைத்து, அபிநயித்து, வியாக்கியானம் சொல்லும்போது பனுவல் கொள்ளும் வடிவத்தை அச்சுப்படியால் தர இயலாது. கணினி விளையாட்டும் அத்தகையதே. அது இயங்கும்போது மட்டுமே தன் முழு வடிவம் பெறுகிறது.

இயக்கத்தின் நுண்மைகள் பல, வட்டில் எழுதப்பட்டிராதவை. ஆப்பிள் 2 கணினியின் உயர்துல்லியப் படங்களில் தோன்றும் நிறங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சிச் சமிக்ஞை முறையின் இயல்பைப் பயன்படுத்தித் திரையில் பிறந்தவை. கொமடோர் 64இன் சிட் ஒலிச்சில்லு 6581, 8580 என இரண்டு வகைகளில் வந்தது. ஒரே இசைக்கோப்பு இரண்டிலும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. எமுலேட்டரை அமைப்பவர் எந்தத் திரையை, எந்தச் சில்லைத் தேர்வது என்று முடிவெடுத்தாக வேண்டும். அம்முடிவு ஒரு பாடத் தேர்வு. அதனைக் குறித்துவைப்பது பதிப்பாசிரியரின் கடமை.

ஆடும் முறையும் பொருளை மாற்றுகிறது. விசார்ட்ரியில் ஒரு பாத்திரம் இறந்தால் அவ்விறப்பை நிரல் உடனே வட்டில் எழுதிவிடும். ஆடுபவர் நிலவறைக்குள் ஒவ்வோர் அடியையும் அச்சத்தோடு எடுத்துவைத்ததற்கு இதுவே காரணம். எமுலேட்டரோ எந்த நொடியையும் உறையவைத்துச் சேமித்து, வேண்டும்போது திரும்ப அழைக்கும் வசதியைத் தருகிறது. இறப்பு மீளக்கூடியதாகிறது, அச்சம் பொருளற்றதாகிறது. வேலை நேரம் குறுகிய இன்றைய வாசகர்க்கு இவ்வசதி தேவைப்படலாம். ஆயினும் இதனைக் கொண்டு ஆடிய ஆய்வாளர் தம் கட்டுரையில் அதனைக் குறிப்பிட வேண்டும்.

வட்டுக்கு வெளியே இருந்த பனுவலையும் மறத்தலாகாது. கொமடோர் 64இன் வட்டு ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 170 கிலோபைட் மட்டுமே கொள்ளும். ஆகவே பூல் ஆஃப் ரேடியன்ஸ் தன் கதையின் பெரும்பகுதியை அச்சிட்ட கையேட்டில் எண்ணிட்டு வைத்தது. உரிய இடத்தில் 'இந்த எண்ணுள்ள பத்தியைப் படிக்க' என்று நிரல் கூறும். முன்கூட்டியே படிப்பவரை ஏமாற்றப் பொய்யான பத்திகளும் அக்கையேட்டில் கலந்திருந்தன. சுழற்றிப் பார்க்கும் அட்டைச் சக்கரம் ஒன்றும் உடன் வந்தது. கையேடும் சக்கரமும் இல்லாத வட்டுப்படி, உரை இழந்த சூத்திரத்தைப் போன்றது.

சட்டமும் நூலகமும்

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று சந்தையில் கிடைப்பதில்லை என்று விடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கண்டது. இத்தகைய விளையாட்டுகளை நூலகங்கள் தொலைவிலுள்ள ஆய்வாளர்க்கு இணையம் வழி வழங்க விதிவிலக்கு வேண்டும் என்னும் கோரிக்கையை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது.

இந்தியச் சட்டத்தின் நிலை வேறு வகையில் குறையுடையது. முறையாகப் பெற்ற நிரலின் காப்புப்படியை எடுக்கவும், அதன் இயக்கத்தைக் கண்டு ஆராயவும், வணிக நோக்கமற்ற தனிப்பயனுக்காகப் படியெடுக்கவும் பிரிவு 52(1) தனியாளுக்கு இடம் தருகிறது. தம்மிடமுள்ள பழைய வட்டைப் படியெடுத்து எமுலேட்டரில் ஆடும் ஒருவர் இதனால் பெரிதும் காக்கப்படுகிறார். நூலகத்திற்கென 2012ஆம் ஆண்டின் திருத்தம் தந்த விதிவிலக்கோ குறுகியது. வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு முறையில் சேமிக்கலாம். ஆனால் அப்படைப்பின் இலக்கமுறை அல்லாத படி ஒன்று அந்நூலகத்தில் முன்பே இருக்க வேண்டும். அச்சு நூலுக்கு இது பொருந்தும். பிறப்பிலேயே இலக்க வடிவான விளையாட்டுக்கு இலக்கமுறை அல்லாத படி எங்கிருந்து வரும்? நூல்களையும் இதழ்களையும் கன்னிமாரா முதலிய நூலகங்களுக்கு அளிக்கப் பணிக்கும் 1954ஆம் ஆண்டின் சட்டமும் மென்பொருளைப் பேசவில்லை. இலக்கியம் என்று ஒரு பிரிவில் ஏற்ற ஒன்றை, இலக்கியமாகக் காக்க மறு பிரிவு வழி செய்யவில்லை. இம்முரணைச் சுட்டித் திருத்தம் கோருவது கல்விப்புலத்தின் பொறுப்பு.

தமிழுக்கு இதனால் என்ன?

மேற்கூறிய விளையாட்டுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றைக் காப்பது அம்மொழியாரின் கடன் என்று கூறுவோர் உளர். 1984இல் மைய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டம் பி.பி.சி. மைக்ரோ கணினிகளை இந்தியப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்ததிலிருந்து இந்திய மாணவர் வரலாற்றிலும் அக்கணினிகளுக்கு இடம் உண்டு. அதனினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. தமிழ்க் கணிமையின் தொடக்கக் காலப் பனுவல்களும் இதே ஆபத்தில் உள்ளன.

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கெனத் தனித்தனிக் குறியேற்றங்களைக் கொண்டிருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாக டாம், டாப் குறியேற்றங்கள் தரமாயின. உலகத் தமிழர் பலர் டிஸ்கியைப் பயன்படுத்தினர். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16ஐயும் ஏற்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை ஒருங்குறிக்கு மாற்றியதால் அவை வாழ்கின்றன. மாற்றுவார் இல்லாத கோப்புகளோ, உரிய எழுத்துருவும் உரிய மென்பொருளும் இல்லாவிடில், பொருளற்ற குறிகளின் வரிசையாகவே தோன்றும். அவற்றை எழுதப்பட்ட நிலையிலேயே காண எமுலேட்டர் நேரிய வழி. விளையாட்டு ஆர்வலர் வளர்த்த கருவியே தமிழ்க் கோப்பைத் திறக்கும் சாவியாகவும் அமைகிறது. வட்டின் காந்தத் தடங்களை உள்ளபடியே பதிவு செய்யும் கிரையோஃபிளக்ஸ் போன்ற கருவிகளும் அவ்வார்வலர் வழி வந்தவையே.

ஒரு முன்மொழிவு

ஆடிப்பெருக்கில் பழஞ்சுவடிகளை ஆற்றில் விட்ட வழக்கத்தை உ.வே.சா. வருந்திப் பதிவு செய்துள்ளார். அறியாமையால் நேர்ந்த அவ்விழப்பு இன்று வேறு உருவில் நிகழ்கிறது. 3.5 அங்குல வட்டு விற்பனையைச் சோனி நிறுவனம் 2011இல் நிறுத்தியது. ஈரப்பதமுள்ள பரண்களில் வட்டுகள் பூஞ்சை பிடிக்கின்றன. வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பொருள் வாங்குவோரிடம் போகின்றன.

கணினியைத் தமிழ் வாசகர்க்கு எளிமையாக விளக்கிய சுஜாதா வளர்ந்த ஊர் திருவரங்கம். பாரதிதாசன் பல்கலைக்கழகமும் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் மாவட்ட மைய நூலகமும் கொண்டது திருச்சிராப்பள்ளி. தில்லை நகர், திருவரங்கம் பகுதிகளின் வீடுகளிலிருந்தும் பயிற்சி நிலையங்களிலிருந்தும் பழைய வட்டுகளையும் கையேடுகளையும் உரிமையாளர் இசைவோடு திரட்டும் தொடக்கப் பணியை இந்நகரத் தமிழ்த்துறைகள், கணினித்துறைகளோடு இணைந்து மேற்கொள்ளலாம். அதற்கு ஐந்து நெறிகள் போதும்.

1. வட்டுப்படி எடுத்தவுடன் அதன் சரிபார்ப்பு எண்ணைக் கணித்துப் பதிந்து, அப்படியை எக்காரணம் கொண்டும் மாற்றாதிருத்தல்.

2. திருத்தத்தை மூலத்தோடு கலக்காமல் தனிக் கோப்பாக வைத்து, திருத்தியவர், நாள், காரணம் ஆகியவற்றைக் குறித்தல்.

3. ஒரே நிரலின் வேறுபட்ட வெளியீடுகளைப் பாடபேதங்களாகக் கொண்டு அட்டவணைப்படுத்துதல்.

4. கையேடு, வரைபடம், உறை, ஆடியவர் வரைபடத்தாளில் வரைந்த குறிப்பு ஆகியவற்றையும் வட்டோடு சேர்த்துக் காத்தல்.

5. எந்த எமுலேட்டரில், எந்த அமைப்பில் இயக்கப்பட்டது என்பதை ஒவ்வோர் ஆய்விலும் குறிப்பிடுதல்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று. சுவடியியல் கற்ற மாணவர்க்கு இவை புதியனவும் அல்ல.

முடிவுரை

பழைய விளையாட்டை ஆடுவது வாசிப்பு. அதனைத் திருத்துவது பதிப்பு. இவ்விரண்டையும் பல்கலைக்கழகத்திற்கு வெளியிலுள்ள ஆர்வலர்கள் தம் ஓய்வு நேரத்தில், பெரும்பாலும் ஊதியமின்றிச் செய்துவருகின்றனர். அவர்தம் உழைப்பால்தான் ஆய்வுக்குரிய பொருள் எஞ்சியுள்ளது. அவர்களிடம் தமிழ்த்துறைகள் கற்க வேண்டியது கருவி நுட்பம். அவர்களுக்குத் தமிழ்த்துறைகள் தர வேண்டியது பதிப்பு ஒழுக்கம். மூலத்தைத் தொடாதே, மாற்றியதை மறைக்காதே, இழந்ததை இட்டுக்கட்டாதே என்னும் மூன்று விதிகளை ஏட்டுச்சுவடிகளிடமிருந்து தமிழுலகம் கற்றது. அவற்றை வட்டுகளுக்கும் உரியனவாக்க எஞ்சியுள்ள காலம், வட்டுகளின் ஆயுளைப் பொறுத்தது.